தேர்வும் தேர்ச்சியும்: விருதுநகர்ப் பகுதியில் உயிரியற் பாட மதிப்பீட்டின் வரலாறு

'தேர்' என்னும் அடியிற் பிறந்த இரு சொற்கள் இன்று நம் பள்ளிகளில் ஒருங்கே வழங்குகின்றன. ஒன்று தேர்வு, மற்றொன்று தேர்ச்சி. தேர்தலுக்கு ஆராய்தல் என்றும் தெரிந்தெடுத்தல் என்றும் பொருள் உண்டு. தேர்ச்சியோ ஒரு துறையில் நிரம்பிய பயிற்சியைச் சுட்டும் சொல்லாயிருந்து, பள்ளி வழக்கில் 100க்கு 35 எண் பெறுதலைக் குறிப்பதாகச் சுருங்கிற்று. பலருள் சிலரைப் பிரித்தெடுப்பது தேர்வு. எல்லாரையும் ஓர் எல்லை கடப்பிப்பது தேர்ச்சி. இவ்விரு வேறு பணிகளையும் ஒரே விடைத்தாளும் ஒரே எண்ணும் ஆற்ற வேண்டும் என்று நாம் நெடுங்காலமாக எதிர்பார்த்து வந்துள்ளோம். அவ்வெதிர்பார்ப்பின் விளைவு உயிரியற் பாடத்திற் புலப்படுவது போல வேறு பாடத்திற் புலப்படுவதில்லை. மருத்துவக் கல்லூரியின் வாயில் அப்பாடத்தின் எண்ணாலேயே பெரிதும் திறக்கப்பட்டு வந்தது. விருதுநகரையும் அதனைச் சார்ந்த சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளையும் கொண்டு இவ்வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மாணாக்கரைத் தரம் பிரித்தல் நமக்குப் புதிதன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். அன்னமும் ஆவும் தலை மாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைப்பட்டார்க்கு. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைப்பட்டார்க்கு. எட்டு உவமைகளுள் ஐந்து உயிரினங்களாயிருத்தல் உயிரியல் பற்றிய இக்கட்டுரைக்கு நல்வாய்ப்பாக அமைந்தது. (எருமைக்கு இழைக்கப்பட்ட அநீதியை விலங்கியல் வல்லார் எடுத்துரைக்கட்டும்.) இப்பாகுபாடு மாணாக்கனின் இயல்பைக் கூறுவதேயன்றி, அவன் ஒரு நாளில் எழுதிய விடையின் அளவைக் கூறுவதன்று என்பது கருதத்தக்கது. உடனிருந்து பல்லாண்டு பயிற்றிய ஆசிரியனே அதனைக் கூறவியலும்.

ஆசிரியனின் அச்சான்றுக்கு நவீனக் கல்வியும் தொடக்கத்தில் இடம் தந்தது. சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேசன் தேர்வுக்கு மாற்றாக 1911ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் ஒரு சான்றிதழ் ஏட்டை அடிப்படையாகக் கொண்டது. உயர்நிலை வகுப்புகளில் ஆசிரியர் இட்ட எண்களும் பொதுத்தேர்வில் பெற்ற எண்களும் அவ்வேட்டில் ஒருங்கே பதியப்பெற்றன. கல்லூரி புகுதற்குரிய தகுதி தனியே அறுதியிடப்பட்டது. ஆயினும் நாளடைவில் பொதுத்தேர்வு எண்ணே மக்கள் கருத்தில் நிலைத்தது. ஆசிரியர் இட்ட எண் ஏட்டில் இருந்தும் இல்லாததாயிற்று. 'மார்க்கு' என்பதற்கு நாம் 'மதிப்பெண்' எனப் பெயரிட்டதையும் இங்கு நோக்கல் வேண்டும். ஆங்கிலச் சொல் குறி என்னும் அளவில் நிற்பது. தமிழ்ச்சொல்லோ ஒருவனது மதிப்பையே எண்ணோடு பிணைத்து விட்டது. ஆக்கியோர் மதிப்பிடுதல் என்னும் பொருளையே கருதியிருப்பர். கேட்போர் செவியில் மற்றைப் பொருளும் ஒலிக்கின்றது.

இனி விருதுநகர்க்கு வருவோம். விருதுபட்டி எனப் பெயர் பெற்றிருந்த நாளில், 1889ஆம் ஆண்டில், அவ்வூர் நாடார் உறவின்முறையினர் சத்திரிய வித்தியாசாலையைத் தோற்றுவித்தனர். வணிகப் பொருள்மீது தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமையும், மனைதோறும் எடுத்து வைக்கப்பட்ட பிடியரிசியும் அதனைப் புரந்தன. அங்குப் பயின்ற காமராசர் பள்ளிப் படிப்பை இடையே விட்டவர் என்பதும், பின்னர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்து ஊர்தோறும் பள்ளி திறந்தார் என்பதும் யாவரும் அறிந்தவை. பிடியரிசி கொடுத்த மனையோர் எதிர்பார்த்தது தம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளியினின்று வெறுங்கையராய்த் திரும்பலாகாது என்பதே என்று நாம் கருதுகின்றோம். மதிப்பெண் பற்றிய ஏடுகள் தோன்றுமுன்னரே இவ்வெதிர்பார்ப்பு அங்கு வேரூன்றியது.

இதற்கு மறுதலையான நிலையும் அதே மண்ணில் வளர்ந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டபின், 1923ஆம் ஆண்டு முதல் சிவகாசியில் அத்தொழில் பரவிற்று. பட்டாசுத் தொழில் 1940ஐ ஒட்டி எழுந்தது. குச்சி அடுக்குதலிலும் பெட்டி ஒட்டுதலிலும் சிறார் கைகள் ஈடுபட்டன. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் அவர்களுக்கெனச் சிறப்புப் பள்ளிகளைக் கண்டது. சிவகாசிச் சிறார் பற்றிய வழக்கில் 1996 திசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சட்டத்திற்கு மாறாகப் பணியிலமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறாருக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளியைப் பணித்தது. இவ்வாறு தொழிற்கூடத்தினின்று வகுப்பறைக்கு மீண்ட பிள்ளைக்குத் தோல்வி என்பது ஓராண்டின் இழப்பு அன்று. மீண்டும் தீப்பெட்டிக் கட்டைக்குச் செல்லும் வழியாகும். ஆதலின் அப்பகுதி ஆசிரியர் எவரையும் தோல்வியுறவிடாமை ஒன்றனையே குறிக்கோளாகக் கொண்டதில் வியப்பில்லை.

அக்குறிக்கோள் நிறைவேறிற்று. இராமநாதபுரம் மாவட்டத்தினின்று 1985ஆம் ஆண்டில் பிரிந்து தனி மாவட்டமான பின், ஏறத்தாழ 25 ஆண்டுகள் மேல்நிலைத் தேர்ச்சி விழுக்காட்டில் விருதுநகர் முதன்மை பெற்று வந்தது. 2017, 2018, 2023 ஆகிய ஆண்டுகளிலும் அம்முதன்மை மீண்டது.

இத்தேர்ச்சி எவ்வாறு எய்தப்பட்டது என்பதை உயிரியல் வகுப்பில் நோக்கினால் நன்கு விளங்கும். பின்தங்கிய மாணாக்கர் 'மெல்லக் கற்போர்' எனத் தனியே பிரிக்கப்பட்டு, மாலையிலும் விடுமுறையிலும் பயிற்றப்பட்டனர். நன்னூலார் கடை மாணாக்கரின் இயல்பைப் பழித்தார். இக்காலத்தார் விரைவு ஒன்றனையே குறையாகக் காட்டினர். இம்மாற்றம் எதிர்பார்ப்பு உயர்ந்தமைக்குச் சான்று. ஆனால் அவர்க்குப் பயிற்றப்பட்டது யாது? எந்தப் பாடத்தில் எத்தனை வினா வரும் என்பதை முன்னரே அறிவிக்கும் வினாத்தாள் வரைவு 'புளூபிரிண்ட்' என்னும் பெயரால் வழங்கிற்று. அதனைக் கொண்டு, தேர்ச்சிக்குப் போதிய சில பாடங்கள் மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டன. மாணாக்கரைத் தெரிந்தெடுக்க எழுந்த தேர்வு, பாடத்தைத் தெரிந்தெடுக்கும் தேர்வாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மேல்நிலைத் தாவரவியலில் நெடுங்காலம் இடம்பெற்ற குடும்பங்களுள் மால்வேசி ஒன்று. பருத்தி அதனைச் சார்ந்தது. விருதுநகர் பருத்தி வாணிகத்தால் வளர்ந்த ஊர். சூழவுள்ள கரிசற்காட்டில் பருத்தி பூத்ததும் காய் வெடித்ததும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்குப் பலர். மழை பிந்தினால் செடி என்னாகும், காய்ப்புழு எப்பொழுது விழும் என்பன அவர்கள் அறிவர். விடைக்குறிப்போ மகரந்தத்தாள்கள் ஒருகற்றையாய் இணைந்திருத்தல், மகரந்தப்பை ஓர் அறையுடைமை, அச்சுச் சூலொட்டுமுறை என்பவற்றையும் மலர் வாய்ப்பாட்டையும் வேண்டிற்று. இவை வேண்டாதன என்பது நம் கருத்தன்று. அறிவியல் நுண்மை இன்றியமையாதது. ஆனால் ஒரு பூவையும் கையிற் பிரித்துப் பாராது இத்தொடர்களை மனனம் செய்தவனும் அதே எண்ணைப் பெற்றான். பூவை அறிந்து தொடரை மறந்தவன் எண் இழந்தான். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது கண்டறிந்த புலன்களின் அடிப்படையில். உற்றுநோக்கலே முதலாகிய ஒரு துறையில், உற்றுநோக்கலை அளக்க எழுத்துத் தேர்வு இடந்தரவில்லை.

அதனை அளத்தற்கென்றே செய்முறைத் தேர்வு இருந்தது எனலாம். 200 எண் கொண்ட முந்தைய முறையில் எழுத்துக்கு 150, செய்முறைக்கு 50. தேர்ச்சிக்குச் செய்முறையில் 40 எண் கட்டாயம். எழுத்திலோ 30 எண்ணே குறைந்த அளவு. இவ்விதியின் விளைவை ஊகித்தல் அரிதன்று. 40க்குக் கீழ் இட்டால் மாணாக்கன் தோற்பான். ஆகவே எண்கள் 40க்கும் 50க்கும் இடையே நெருங்கின. நுண்ணோக்கியில் கண்டதை உணர்ந்தவனுக்கும் உணராதவனுக்கும் வேற்றுமை காட்ட இடமில்லாது போயிற்று. ஆசிரியர்க்கு எஞ்சிய ஒரே மதிப்பீட்டுரிமையும் தேர்ச்சியின் பொருட்டு ஈகமாயிற்று.

இந்நோயை முன்னரே கண்டவர் ஒருவர் உளர். மருத்துவரும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமாகிய ஆ. இலக்குமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக்குழு, 1953இல் அளித்த அறிக்கையில், புறத்தேர்வுகளைக் குறைத்தல், பள்ளிப் பதிவேட்டிற்கு இறுதி மதிப்பீட்டில் இடமளித்தல், எண்ணுக்கு மாற்றாகத் தரக்குறியீடு வழங்கல் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. தமிழகத்தில் முப்பருவ முறையும், வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 எனப் பகுத்து 'ஏ1', 'ஏ2' முதலிய தரநிலை தரும் முறையும் 2012-13இல் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் வந்தன. அறுபது ஆண்டு கழித்து வந்த சீர்திருத்தமும் பத்தாம் வகுப்பின் பொதுத்தேர்வு வாயிலில் நின்றுவிட்டது.

மேல்நிலை முடிவில் எண்ணின் ஆட்சியே நிலவிற்று. மருத்துவச் சேர்க்கைக்கென 1984இல் தொடங்கிய மாநில நுழைவுத்தேர்வு, 2006இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்வழி 2007 முதல் நீங்கிற்று. அதன்பின் 200க்குக் கணக்கிடப்பட்ட தரவரிசையில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என வகுக்கப்பட்டன. ஓர் எண்ணில், அரை எண்ணில் வாழ்க்கை திசைமாறிற்று. 35இல் ஒருவனைக் கரையேற்றவும், 199க்கும் 200க்கும் இடையே இருவரைப் பிரிக்கவும் ஒரே வினாத்தாள் பயன்பட்டது. முன்னதில் விருதுநகர்ப் பகுதி நாட்டுக்கே வழிகாட்டிற்று. பின்னதற்கு வேண்டிய பயிற்சி தேர்ச்சி விழுக்காட்டினின்றும் வேறானது. அவ்விழுக்காட்டைக் கொண்டு அதனை மதிப்பிடுதல் முறையன்று.

2017ஆம் ஆண்டில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. மாநில அளவில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. பாடமொன்றுக்கு 200 எண் என்பது 100 எனக் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. மருத்துவச் சேர்க்கை தமிழகத்திலும் 'நீட்' தேர்வின் வழியதாயிற்று. 720 எண் கொண்ட அத்தேர்வில் உயிரியலுக்கு 360; பாதி என்னும் பங்கு மாறவில்லை. அதனை அளப்பார் மாறினர். பள்ளி உயிரியல் எண் தரவரிசையினின்றும் நீங்கி, விண்ணப்பிக்கும் தகுதிக்குரிய குறைந்த அளவாக மட்டும் எஞ்சிற்று. தகுதி வேறு, தெரிவு வேறு எனப் பிரித்த 1911ஆம் ஆண்டின் அமைப்பை இது ஒருவாறு நினைவூட்டும். ஆசிரியரின் பதிவு மட்டும் இதில் இல்லை.

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணாக்கர்க்கென 2020இல் வகுக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அக்கல்லூரியிலும் உண்டு. அவ்வொதுக்கீட்டிற்குள்ளும் வரிசையை முடிவு செய்வது நீட் எண்ணே.