ரத்தம் ஓடும் பாதை – 6: கயிறு குழாயான இரவு

ரத்தக்குழாய்கள் கருவுக்கு வெளியே, மஞ்சள்கருவின் மேல் உருவாகி, பிறகுதான் கருவுக்குள் புகுகின்றன என்று வில்ஹெல்ம் ஹிஸ் சாதித்ததைப் போன வாரம் பார்த்தோம். செத்த கருவை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்தே அந்த வழக்கு அரை நூற்றாண்டு இழுத்தது. உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தவர் ஃப்ளாரன்ஸ் சேபின்.

கொலராடோவின் சுரங்க ஊரான சென்ட்ரல் சிட்டியில் 1871-ல் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்தார். நிணநீர்க் குழாய்கள் சிரைகளிலிருந்து கிளைப்பதைப் பன்றிக் கருக்களில் காட்டிப் பெயர் வாங்கினார். 1917-ல் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ஃப்ராங்க்ளின் மால் இறந்தார். நாற்காலி சேபினுக்குத்தான் என்று பலரும் நினைத்திருக்க, அது அவரிடமே படித்த லூயிஸ் வீடுக்குப் போனது. சேபினுக்குத் திசுவியல் பேராசிரியர் பதவி. அங்கே முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர்தான் என்று இன்று பெருமையாகச் சொல்கிறார்கள். அது ஆறுதல் பரிசு என்பதுதான் என் கணக்கு. அவர் சண்டைக்குப் போகவில்லை. முட்டையை எடுத்தார்.

அடைகாத்து இரண்டாம் நாளில் இருக்கும் கோழிமுட்டை. மஞ்சள்கருவின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தட்டுதான் கரு. அதைக் கத்தரித்தெடுத்து, உப்புக் கரைசல் துளியோடு கண்ணாடி வில்லையின் அடியில் தொங்கவிட வேண்டும். சூடு குறைந்தால் எல்லாம் போச்சு. எனவே நுண்ணோக்கியே வெதுவெதுப்பான பெட்டிக்குள் இருக்கும்.

முதலில் சில செல்கள் மட்டும் அக்கம்பக்கத்தவற்றைவிட அடர்த்தியாகத் தெரிகின்றன. அவை பெருகிக் கொத்தாகின்றன. கொத்திலிருந்து ஒரு மெல்லிய நுனி நீண்டு, பக்கத்துக் கொத்தின் நுனியைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வலை. ஆனால் இதுவரை எல்லாமே கெட்டிக் கயிறு. துளை எங்கே?

கயிற்றின் நடுவில் தெளிவாக ஒரு புள்ளி. அது பெரிதாகி அடுத்த புள்ளியோடு கலக்கிறது. கயிறு குழாயாகிவிட்டது! அதன் உட்சுவரிலிருந்தே செல்கள் உருண்டு பிரிந்து சிவக்கின்றன. அவை ரத்த அணுக்கள். பிறகு இதயத்தின் முதல் துடிப்பு. இரவு முழுக்கக் கண் மூடாமல் பார்த்த அந்தக் காட்சிதான் தன் வாழ்வின் பெரிய பரவசம் என்று சேபின் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கருவுக்குள்ளேயே குழாய்கள் பிறக்கின்றன என்று சேபினும் அக்காலத்து வேறு சிலரும் காட்டியதில் ஹிஸ் கட்சி சாய்ந்தது. 1920-ல் வெளிவந்த நீண்ட ஆய்வுரையில் துளைக்கும் சேபின் விளக்கம் சொன்னார்: செல்லின் நடுப்பகுதி கரைந்து நீராகிறது. அதாவது துளை செல்லுக்குள்ளேயே விழுகிறது.

இங்கேதான் வில்லங்கம். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும் இரண்டு செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலும், மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரே செல்லில் ஓட்டை விழுந்த மாதிரிதான் தெரியும். மூங்கிலைக் குடைந்த துளையா, குவித்துச் சேர்த்த இரு உள்ளங்கைகளுக்கு நடுவேயுள்ள இடமா? சேபினின் நுண்ணோக்கியால் அதைத் தீர்த்துச் சொல்ல முடியாது.

அறுபது வருடம் ஓடியது. 1980-ல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மனும் கிறிஸ்டியன் ஹௌடன்ஷில்டும் நுண்நாளச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். இதயமும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் செல்களுக்குள் குமிழிகள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து, குழாய் தயார். சேபின் பக்கம் தராசு சாய்ந்தது.

தட்டில் நடப்பது உடம்பில் நடக்குமா? 2006-ல் பெதஸ்டாவில் பிரான்ட் வைன்ஸ்டைன் குழு வரிக்குதிரை மீன் குஞ்சுகளைப் பார்த்தது. கங்கை மீன்களைப் பற்றிய நூலில் 1822-லேயே ஹாமில்டன் விவரித்த நம் நாட்டுக் குட்டிமீன்தான் அது. குஞ்சின் உடல் கண்ணாடி போலிருப்பதால் குழாய் வளர்வதை நேரடியாகப் பார்க்கலாம். ஒளிரும் செல்களுக்குள் குமிழிகள் இணைவதைப் படமெடுத்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 86 வருடம் கழித்து சேபின் ஜெயித்துவிட்டார்.

ஜெயித்தது இரண்டே வருடம். 2008-ல் பாசலில் ஹைன்ஸ்-கியோர்க் பெல்டிங், மார்க்குஸ் அஃபோல்டர் குழு அதே மீனில், அதே குழாய்களில், செல்கள் ஒட்டும் விளிம்புகளை ஒளிரவைத்துப் பார்த்தது. குழாயைச் சுற்றி இருந்தது ஒற்றைச் செல் அல்ல, பல செல்கள்! துளை அவற்றுக்கு இடையே இருந்தது. மறு வருடம் ட்யூசல்டார்ஃபில் எக்ஹார்ட் லாமர்ட் குழு எலிக் கருவின் பெருந்தமனியிலும் அதையே கண்டது. முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்த செல்கள் நடுவில் விலகி வழிவிடுகின்றன.

விலக்கியது யார்? பாய்ந்து வரும் ரத்தமா? இல்லை. ரத்தவோட்டம் தொடங்கும் முன்பே இடைவெளி விழுந்துவிட்டது. லாமர்ட் குழுவின் சந்தேகம், செல்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகைச் சர்க்கரையின் மேல் விழுந்தது. அந்தச் சர்க்கரையை மட்டும் வெட்டியெடுக்கும் நொதியை எலிக் கருவுக்குள் செலுத்தினார்கள். பெருந்தமனி என்ன ஆயிற்று? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)