மின்சாரத்தை அளந்த கதை

நெல்லை மரக்காலாலும் எண்ணெயை உழக்காலும் அளந்து வாங்கிய காலத்தில், அளவு குறைந்தால் நாம் அக்கணமே கேட்டுவிடுவோம். பொருளும் அளவும் நம் கண்முன் இருந்தன. மின்சாரமோ கண்ணுக்குப் புலப்படாத சரக்கு. அதை அளக்கும் ஆற்றல் முதலில் யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் வந்திருக்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. விற்ற மின்சாரத்தைக் கணக்கிட அவர் அமைத்த கருவி ஒரு குப்பியே. அதிலிருந்த துத்தநாக உப்புக் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள் நின்றன. வீட்டிற்குச் செல்லும் மின்னோட்டத்தின் சிறு பங்கு அதன் வழியே பாயும்பொழுது, ஒரு தகடு கரைந்து மற்றதன்மேல் படியும். நிறுவனத்தார் மாதந்தோறும் தகடுகளை எடுத்துச் சென்று, நிறுத்துப் பார்த்துக் கட்டணம் விதித்தனர். வீட்டுக்காரர் அக்குப்பியை எத்துணை நேரம் உற்று நோக்கினும் தம் செலவை அறிய இயலாது.

1889-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி, மாறுமின்னோட்டத்திற்கு உரிய மீட்டரை உருவாக்கினார். செலவு மிகுந்தால் அதிலுள்ள உலோகத் தட்டு விரைந்து சுழலும். குறைந்தால் மெல்லச் சுழலும். சுற்றுகளின் எண்ணிக்கையே யூனிட் கணக்காயிற்று. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவாயின் ஒரு யூனிட்.

நம் நாட்டிலும் மின்சாரம் விரைவில் பரவிற்று. கல்கத்தாவின் இமாம்பாக் சந்து நிலையம் 1899-இல் தொடங்கியது. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1902-இல், தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த கோலார் தங்கவயலுக்கும், 1905-இல் பெங்களூருக்கும் சென்றது. மீட்டர் வீட்டு வாயிலில் ஏறியது. ஆயினும் அது மொத்தத்தை மட்டுமே சொல்லிற்று. மளிகைக் கடைக்காரர் பண்டங்களின் பெயரை எழுதாது, கூட்டுத் தொகையை மட்டும் சீட்டில் எழுதித் தந்தால் எப்படியோ, அப்படித்தான் இருந்தது மின் கட்டணச் சீட்டு.

அம்மொத்தத்தைப் பிரித்தறியும் முயற்சி 1980-களில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட், ஒவ்வொரு சாதனமும் இயங்கும்பொழுதும் நிற்கும்பொழுதும் மின்னோட்டத்தில் தோன்றும் மாறுதலைக் கொண்டே அச்சாதனத்தை இனங்காணும் முறையை வகுத்தார். அவரே 1989-இல் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: இக்கணக்கு வீட்டாரின் நடமாட்டத்தையும் பிறருக்குக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்மார்ட் பிளக் இதனினும் எளிய வழி. சுவரிலுள்ள பிளக் பாயிண்டுக்கும் சாதனத்திற்கும் இடையே அது அமர்கிறது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இடைவிடாது அளந்து, செலவைக் கைபேசிக்கு அனுப்புகிறது. 2013-இல் தில்லியின் இந்திரப்பிரஸ்த தகவல் தொழில்நுட்பக் கழகத்தார், அந்நகரத்து வீடொன்றில் இத்தகைய அளவிகளையும் பொருத்தி, 73 நாள் கணக்கெடுத்தனர். மின்வெட்டும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் அக்கணக்கில் பதிவாயின.

பிறமாநிலங்களில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்க்கு இது வெறும் விந்தையன்று. ஒரே மீட்டரின் தொகையைச் சில குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில், பூசல் எழுவது பெரும்பாலும் ஊகத்தால். இரண்டாயிரம் வாட் வெந்நீர்க் கருவி நாள்தோறும் அரைமணி இயங்கினால் மாதம் 30 யூனிட். பத்து வாட் மட்டுமே கொள்ளும் சிறு பெட்டியும் இரவுபகலாக அணையாதிருந்தால், மாதம் ஏழு யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும். இக்கணக்குக் கையிலிருப்பின் உரையாடல் சச்சரவாகாது. ஆனால் அளவு வேண்டுமென்று அவசரப்படலாகாது: வெந்நீர்க் கருவிக்கும் குளிர்சாதனத்திற்கும் 16 ஆம்பியர் தாங்கும் பிளக்கே ஏற்றது.

விற்பவர் மட்டும் அறிந்த அளவு, நூற்றாண்டிற்கு மேல் கடந்து வாங்குபவர் கைக்கும் வந்துள்ளது. எனினும் ஸ்மார்ட் பிளக்குகள் பல, தம் கணக்கை எங்கோ தொலைவிலுள்ள கணினிக்கும் அனுப்புகின்றன. நாம் உறங்கும் நேரமும் ஊருக்குச் சென்ற நாளும் அதில் அடங்கும். ஆதலின், எவ்வளவு செலவாயிற்று என்று கேட்பதோடு, அதை வேறு யார் அறிவார் என்றும் கேட்கப் பழகுவோமாக. குப்பியைத் திறந்து பார்க்க இயலாதிருந்த காலத்திற்கு நாம் மீண்டும் செல்ல வேண்டுவதில்லை.