வீட்டிலேயே விமானம் கட்டுறீங்களா? ஏவியானிக்ஸ் வாங்கும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

மும்பை காந்திவலியில் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் 6 பேர் அமரும் விமானத்தைக் கட்டியவர் விமானி அமோல் யாதவ். அதை 2017-ல் டிஜிசிஏ பதிவு செய்தது. பறந்து பார்க்க அனுமதி கிடைத்தது 2019-ல். கேரளாவின் இடுக்கியைச் சேர்ந்த, பேச்சுத்திறனும் செவித்திறனும் இல்லாத சஜி தாமஸ் கட்டிய குட்டி விமானம், நம்ம நெல்லைச் சீமை மணிமுத்தாறில் பறந்தது.

இப்போ நாவலூரில் ஒருவர் கார் ஷெட்டில் கிட் வாங்கி விமானம் பூட்டுகிறார்னு வெச்சுக்குவோம். பாடி ரெடி, இன்ஜின் ரெடி. அடுத்த பெரிய செலவு ஏவியானிக்ஸ், அதாவது காக்பிட்டில் இருக்கும் மின்னணுக் கருவிகள்: திரைகள், ரேடியோ, ஜிபிஎஸ், ட்ரான்ஸ்பாண்டர், ஆட்டோ பைலட்.

பலரும் திரையின் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். வானத்தில் ஒரு கருவி பழுதானால், பத்திரமாகத் தரையிறங்க என்ன மிச்சம் இருக்கும்?

1. எங்கே, எப்போது பறக்கப் போறீங்க?

பகல் வெளிச்சத்தில், தரையைக் கண்ணால் பார்த்துப் பறப்பது 'விஎஃப்ஆர்'. இதற்கு வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி, இன்ஜின் சுழற்சி, ஆயில் அழுத்தம், ஆயில் வெப்பநிலை, எரிபொருள் அளவு ஆகியவை அடிப்படை. கூடவே ஒரு நல்ல ரேடியோ. சின்ன விமானத்துக்கு இதுவே போதும்.

'பெரிய திரை இருக்கே, மேகத்துக்குள்ள போனா என்ன?' என்ற நினைப்புதான் ஆபத்து. 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. கருவியைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்க வைத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 வினாடி, அதாவது 3 நிமிடம்கூட இல்லை. பயிற்சியைக் கடையில் வாங்க முடியாது.

2. முள் மீட்டரா, டிஜிட்டல் திரையா?

வேகம், உயரம், அடிவானம், வரைபடம், இன்ஜின் நிலவரம் எல்லாமே ஒரே திரையில் வருவதுதான் 'இஃபிஸ்'. கார்மின் ஜி3எக்ஸ் டச், டைனான் ஸ்கைவியூ போன்றவை வீட்டில் கட்டும் விமானங்களை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. தொழிற்சாலை விமானங்களில் வரும் சான்றளிக்கப்பட்ட கருவிகளைவிட இவற்றின் விலை குறைவு.

இன்னொரு லாபம், இன்ஜின் தரவு பதிவாகும். சோதனைப் பறப்பில் எந்த சிலிண்டர் அதிகமாகச் சூடாகிறது என்பதைத் தரையிறங்கிய பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

ஆனால் ஒரே திரையில் எல்லாம் இருந்தால், அது அணையும்போது எல்லாமே சேர்ந்து அணையும். அதனால் சொந்த பேட்டரியுள்ள கார்மின் ஜி5 போன்ற குட்டித் திரை ஒன்று தனியாக இருக்கட்டும். காற்றழுத்தத்தில் ஓடும் பழைய முள் வேகமானிக்கும் காந்தத் திசைகாட்டிக்கும் கரண்டே தேவையில்லை. அவற்றுக்கு ஓரத்தில் இடம் விடுங்க.

3. கரண்ட் போனா இன்ஜின் ஓடுமா?

பதில் இன்ஜினைப் பொறுத்தது. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 யுஎல் கார்புரேட்டர் இன்ஜின். அதன் இக்னிஷனுக்குத் தனி மின் ஏற்பாடு உண்டு. பேட்டரி செத்தாலும் ஓடும். அதே கம்பெனியின் 912 ஐஎஸ், 915 ஐஎஸ் இன்ஜின்களில் எரிபொருளைப் பீய்ச்சுவது கணினி. அதற்குக் கரண்ட் வேண்டும்.

எனவே கருவி வாங்கும் முன் எந்தக் கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று ஒரு பட்டியல் போடுங்க. ஜெனரேட்டர் நின்றால், பேட்டரி மட்டும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று கணக்குப் பாருங்க. பக்கத்து ஓடுதளத்துக்குப் போக அந்த நேரம் போதணும்.

4. அமெரிக்காவில் வேலை செய்வது இங்கே செய்யுமா?

இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். அமெரிக்காவில் 978 மெகாஹெர்ட்ஸில் வானிலைத் தகவல் காக்பிட்டுக்கே இலவசமாக வரும். அந்தச் சேவை இந்தியாவில் இல்லை. இங்கே ஏடிஎஸ்-பி கருவி வாங்கினால் 1090 மெகாஹெர்ட்ஸ் வகைதான் வேண்டும்.

விபத்து நடந்தால் சிக்னல் அனுப்பும் இஎல்டி 406 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்கட்டும். பழைய 121.5 சிக்னலைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பது 2009-லேயே நின்றுவிட்டது. ரேடியோ பொருத்த, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் உரிமம் வாங்க வேண்டும்.

நாவலூர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். ஒரு பக்கம் மீனம்பாக்கம் சர்வதேச விமான நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். விமானத்தை இங்கே கட்டலாம், ஆனால் நினைத்த நேரத்தில் எழும்ப முடியாது. இப்படி நெரிசலான வானத்தில் ரேடியோவும் ட்ரான்ஸ்பாண்டரும் ஆடம்பரம் இல்லை.

5. கைக்கு எட்டுதா?

1997 அக்டோபர் 12. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், தான் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில் கலிஃபோர்னியா கடலோரம் பறந்தபோது விழுந்து இறந்தார். அது வேறொருவர் வீட்டில் கட்டிய விமானம். டேங்க் மாற்றும் வால்வை, கட்டியவர் மூல வடிவமைப்புக்கு மாறாக விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். வால்வில் அடையாளக் குறி இல்லை. எரிபொருள் அளவுகோலிலும் குறி இல்லை. வால்வைத் திருப்ப விமானி உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். புதிய விமானத்துக்கான பயிற்சி போதாததையும், இந்த வால்வையும் அளவுகோலையும் விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி காரணங்களாகச் சொன்னது.

இதைத் தவிர்க்க செலவே இல்லாத வழி உண்டு. அட்டையில் பேனல் வெட்டி, ஸ்விட்ச் படங்களை ஒட்டி, சீட்டில் பெல்ட் போட்டு உட்காருங்க. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்க. எட்டாதது இடம் மாறணும். நம்ம ஊர் மதிய வெயிலில் திரை படிக்க முடிகிறதா என்பதையும் வெளியே கொண்டுபோய்ப் பார்க்கணும்.

6. வயரிங் யார் செய்யப் போறாங்க?

விலையுயர்ந்த திரையையும் ஒரு லூஸ் கனெக்‌ஷன் படுக்க வைத்துவிடும். வீட்டு பிவிசி வயர் இங்கே ஆகாது, தீப்பிடித்தால் நச்சுப் புகை வரும். விமானத்துக்கென வரும் வயர்தான் வேண்டும். ஓஎம்ஆர் பக்கம் கடல் உப்புக் காற்று. கனெக்டர்களில் துரு ஏறுகிறதா என்று அடிக்கடி பாருங்க.

வேகமானிக்குக் காற்று தரும் பிட்டாட் குழாய்க்கு மூடி போடுங்க. ஒரே ஒரு குளவி கூடு கட்டினாலும் வேகம் தப்பாகக் காட்டும்.

எந்த வரிசையில் வாங்குவது?

முதலில் அடிப்படைக் கருவிகளும் ரேடியோவும். அடுத்து ட்ரான்ஸ்பாண்டர், இஎல்டி. பிறகு தனி பேட்டரியுள்ள பேக்கப். பெரிய திரையும் ஆட்டோ பைலட்டும் கடைசியில். டிஜிட்டல் கருவிகள் சீக்கிரம் பழசாகும் என்பதால், பேனல் வேலை தொடங்கும் நேரத்தில் அவற்றை ஆர்டர் செய்தால் போதும்.

ஆர்டர் கொடுக்கும் முன் பேனலில் உள்ள ஒவ்வொரு கருவியையும் விரலால் மறைத்து, 'இது போனா எதைப் பார்த்து இறங்குவேன்?' என்று கேளுங்க. ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தைக் கட்டுங்க.