எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்



மோட்டார் வண்டி வைத்திருப்போர் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும் நாளை மறப்பதில்லை. ரயர்களிலே காற்றுக் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவும் மறப்பதில்லை. ஆனால் றேடியேற்றரினுள்ளே ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தைப் பற்றி நினைப்போர் சிலரே. குறைந்தால் நிரப்பிவிட்டாற் போதும் என்பது பலரது எண்ணம். வேறு சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, "அது பனி உறையும் நாட்டாருக்கு வேண்டிய மருந்து, வெயில் எரிக்கும் நமது நாட்டுக்கு எதற்கு? கிணற்றுத் தண்ணீரே போதுமே" என்று கூறுவர்.

இந்தக் கூற்றிலே பாதி உண்மை உண்டு. அத்திரவம் குளிர்நாட்டிலே, குளிரை எதிர்ப்பதற்கென்றே எஞ்சினுக்குள் புகுந்தது. ஆயினும் அன்று அது செய்த தொழில் வேறு. இன்று அது செய்யும் தொழில் வேறு. அம்மாற்றத்தின் வரலாற்றை அறிந்தால், அதனை ஏன் மாற்ற வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்ற வினாக்களுக்கும் விடை தானாகவே கிடைத்துவிடும்.

எஞ்சினுக்குள்ளே பெற்றோல் எரியும்போது அந்த வாயுவின் வெப்பம் ஒரு கணத்துக்கு 2,000 பாகை செல்சியசையும் கடந்துவிடுகிறது. அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியை எஞ்சினின் சுவர்களிலிருந்து எடுத்து வெளியேற்றியாக வேண்டும். இல்லையேல் எஞ்சின் தன் சூட்டிலேயே தான் அழியும்.

ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டிலே உரிமம் பெற்ற முச்சில்லு வண்டியில் இதற்குக் கையாண்ட வழி மிக எளியது. உருளையைச் சுற்றி நீரை நிறுத்தினார். நீர் கொதித்து ஆவியாய்ப் போகும்போது வெப்பத்தையும் உடன்கொண்டு போயிற்று. போன நீருக்குப் புதுநீர் வார்க்க வேண்டும், அவ்வளவுதான். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரம் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் என்று போற்றப்படும் அப்பயணத்தில், வழிநெடுகத் தண்ணீர் தேடி நிற்பதே பெரும் வேலையாயிற்று. எரிபொருளை ஒரு மருந்துக்கடையிலே வாங்கினார். நீரைக் கிடைத்த இடத்திலெல்லாம் முகந்து வார்த்தார்.

இந்த இடையூற்றைப் பெரிதும் நீக்கியவர் வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியியலறிஞர். 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவான முதலாவது மேர்சிடிஸ் வண்டிக்கு அவர் அமைத்த றேடியேற்றர், தேன்கூட்டைப் போன்றது. 8,070 சிறு குழாய்களினூடே காற்றுப் புகுந்து செல்ல, அவற்றைச் சூழ்ந்து ஓடிய நீர் குளிர்ந்து மீண்டும் எஞ்சினுக்குத் திரும்பிற்று. நீரைக் கொதிக்கவிட்டுத் தொலைப்பதற்குப் பதிலாக, அதே நீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் முறை இவ்வாறு நிலைபெற்றது. அந்த வண்டிக்கு 9 லீற்றர் நீரே போதுமானதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேர்த்தா அம்மையாரின் வண்டியில் நீர் தங்கியதே இல்லை. வந்தது, கொதித்தது, போயிற்று. மைபாக்கின் வண்டியிலோ அதே நீர் நாட்கணக்காய் இரும்போடும் பித்தளையோடும் உறவாடிக்கொண்டு உள்ளேயே தங்கியது. பிற்காலத்திலே தோன்றிய நன்மைக்கும் தொல்லைக்கும் இந்தத் தங்குதலே காரணம்.

முதலிலே தோன்றிய தொல்லை குளிர்காலத்தது. நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் கூடுகிறது. அந்த விரிவைத் தாங்கமாட்டாமல் வார்ப்பிரும்பும் வெடித்துவிடும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மாலையிலே வண்டியை நிறுத்தியதும் றேடியேற்றர் நீரைத் திறந்துவிட்டு, காலையிலே புதுநீர் வார்ப்பது வழக்கமாயிருந்தது. சிலர் உப்பு வகைகளைக் கரைத்துப் பார்த்தனர். உறைதல் தடைப்பட்டது, ஆனால் உலோகம் அரித்தது. சிலர் மதுசாரத்தைக் கலந்தனர். அது நீருக்கு முன்னரே ஆவியாய்ப் பறந்தது. கிளிசரின் கலந்தோரும் உளர். அது விலை மிகுந்தது, தடிப்பு மிகுந்தது.

இதற்கு விடை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வுகூட அலமாரியிலே காத்திருந்தது. பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் சார்ள்ஸ் அடொல்ப் வூர்ட்ஸ் 1856ஆம் ஆண்டிலேயே எதிலீன் கிளைக்கோலை உண்டாக்கியிருந்தார். கிளிசரினுக்கும் அல்ககோலுக்கும் இடைப்பட்ட இயல்புடையதாதலின் இரண்டு பெயர்களையும் இணைத்துக் கிளைக்கோல் என்று அழைத்தார். இதன் கொதிநிலை 197 பாகை. நீரோடு சரிபாதியாய்க் கலந்தால், கலவை உறைவதற்குப் பூச்சியத்துக்குக் கீழே 37 பாகை வரை குளிர வேண்டும். அமெரிக்காவில் 1920களில் இது பெருந்தொகையாய் உற்பத்தி செய்யப்படலாயிற்று. 1927ஆம் ஆண்டில் 'பிறெஸ்ரோன்' என்ற பெயரில் மோட்டார் வண்டிகளுக்கென்றே கடைக்கு வந்தது. மதுசாரத்தைப் போலப் பறந்துவிடாமல் குளிர்காலம் முழுவதும் நிலைத்து நின்றதே இதன் தனிச்சிறப்பு.

அடுத்த பாடத்தைக் கற்பித்தவை ஆகாய விமானங்கள். உயரப் பறக்கும்போது காற்றமுக்கம் குறையும்; நீர் 100 பாகைக்கு முன்னரே கொதித்துவிடும். ஆகவே விமானப் பொறியியலார் நீரை அறவே நீக்கித் தனிக் கிளைக்கோலையே எஞ்சினுக்கு ஊற்றினர். றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தாரின் புகழ்பெற்ற மேர்லின் எஞ்சினும் தொடக்கத்தில் அவ்வாறே குளிர்விக்கப்பட்டது. ஆனால் தனிக் கிளைக்கோல் வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றலில் நீருக்கு மிகவும் தாழ்ந்தது; தீப்பற்றக்கூடியது; பொருத்துகளின் வழியே கசியும் இயல்புடையது. ஆதலின் 1940ஆம் ஆண்டளவில் மேர்லினின் புதிய வகைகளிலே 70 பங்கு நீரும் 30 பங்கு கிளைக்கோலும் சேர்ந்த கலவையை அமுக்கத்தின் கீழ் ஓடவிட்டனர். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் முதுமொழி. விமானப் பொறியியலாரும் சுற்றிச் சுற்றித் தண்ணீரிடமே வந்து சேர்ந்தனர்.

இந்த எஞ்சின் நமது வானுக்கும் அந்நியமானதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்தெழுந்த ஹரிக்கேன், புல்மார் என்னும் இருவகை விமானங்களும் மேர்லின் எஞ்சின் பூண்டவையே. நான்கு நாட்களின் பின்னர் திருகோணமலையின் மேலே போரிட்ட ஹரிக்கேன்களும் அவையே. அத்தகைய விமானத்தின் றேடியேற்றரில் ஒரு குண்டு துளைத்தால், சில நிமிடங்களில் எஞ்சின் நின்றுவிடும். குளிர்விக்கும் திரவம் எஞ்சினுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அமுக்கத்தின் பயனைப் பின்னர் மோட்டார் வண்டிகளும் கைக்கொண்டன. றேடியேற்றரின் மூடி வெறும் மூடியன்று. அது அமுக்கத்தைக் காக்கும் வால்வு. சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 பாகையிலே கொதிக்கும். மூடியின் அமுக்கத்தின் கீழோ அது 130 பாகையை அண்மிக்கும். இதனாலேயே சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கலாகாது. திறந்த கணத்தில் அமுக்கம் நீங்க, உள்ளிருக்கும் திரவம் ஒரேயடியாய்க் கொதித்து முகத்திலே பாயும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். உறைதலை வென்றாயிற்று, கொதித்தலையும் தள்ளிப்போட்டாயிற்று. எஞ்சி நின்ற பகை அரிப்பு. ஓர் எஞ்சினிலே வார்ப்பிரும்பும் அலுமினியமும் செப்பும் ஈயப்பற்றும் ஒரே திரவத்தில் நனைந்து நிற்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் ஒரே நீரில் நின்றால் அங்கே ஒரு மின்கலமே அமைந்துவிடுகிறது. அவற்றுள் ஒன்று கரையத் தொடங்குகிறது. கிளைக்கோலும் சூட்டிலே ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல அமிலமாக மாறுகிறது. ஆகவே அரிப்பைத் தடுக்கும் காப்புச் சரக்குகளை அதனோடு சேர்க்கலாயினர். 1959ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் மூவகைக் காப்புச் சரக்குகளுக்குத் தனித்தனியே தரவிதிகள் வகுக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த றெனோல்ட் 4 என்னும் பிரெஞ்சு வண்டி, அடிக்கடி நீர் வார்க்க வேண்டாத மூடிய அமைப்போடு வந்தது. திரவம் எஞ்சினுக்குள்ளே ஆண்டுக்கணக்காய்த் தங்கும் காலம் தொடங்கிற்று.

இந்தக் காப்புச் சரக்குகள் காவற்காரரைப் போன்றவை. உலோகத்தின் மேலே மெல்லிய படலமாய்ப் படிந்தும், தோன்றும் அமிலத்தைத் தணித்தும் தம்மைத் தாமே செலவழித்துக்கொள்கின்றன. கிளைக்கோல் குறைவதில்லை, நிறமும் பெரிதாய் மாறுவதில்லை, பாத்திரமும் நிறைந்தே இருக்கும். ஆனால் காவல் போயிருக்கும். உறைநிலையை அளக்கும் மானி அப்போதும் நல்ல அளவையே காட்டும். அது கிளைக்கோலை அளக்கிறதேயன்றிக் காவலை அளப்பதில்லை. திரவத்தை மாற்ற வேண்டும் என்பதன் காரணம் முழுவதும் இதுவே.

சிலிக்கேற்று, பொசுபேற்று முதலிய பழைய வகைச் சரக்குகள் விரைவிலே செலவாகின்றன. ஆதலின் அவ்வகைத் திரவத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது ஏறக்குறைய 50,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். 1990களின் நடுவில் சேதன அமிலங்களைக் காப்பாகக் கொண்ட திரவங்கள் பரவலாயின. அவை அரிப்புத் தொடங்கும் இடத்திலேயே தொழிற்படுவதால் மெதுவாகச் செலவாகின்றன. ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் நிலைக்கின்றன. இரண்டையும் கலந்தால் நீண்ட ஆயுளுடையது தன் ஆயுளை இழக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களை நம்பி வகையைத் தீர்மானித்தல் ஆகாது. நிறம் ஒவ்வொரு நிறுவனத்தாரின் விருப்பம். வண்டியின் கைந்நூல் சொல்லும் வகையும் காலமுமே சரியானவை. திரவம் துருநிறம் அடைந்தாலோ, அடியில் சேறு கண்டாலோ, மேலே எண்ணெய் மிதந்தாலோ அந்தக் காலத்தையும் எதிர்பார்த்திராமல் காரணத்தை ஆராய வேண்டும்.

இப்போது கிணற்றுத் தண்ணீர் அன்பருக்கு விடை சொல்லலாம். பனி நம் நாட்டு எஞ்சினை வெடிக்கச் செய்வதில்லை, உண்மையே. ஆனால் அரிப்புக்குச் சூடு நல்ல துணை; வெப்பநாட்டில் அது ஓய்வதில்லை. மேலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்தலின் அடியிலே வெண்படை படிவதை அடுக்களையிலே புழங்கும் எவரும் அறிவர். அதே படை றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் எஞ்சினின் சுவரிலும் படிகிறது. வெப்பம் வெளியேற வழியின்றி ஒருநாள் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துபோகும். சில போத்தல் திரவத்திலே மிச்சம் பிடித்த பணம், எஞ்சினைத் திருத்தும் செலவிலே பன்மடங்காய்ப் போய்விடும். எனவே கலப்பதற்கு வடித்த நீரையே கொள்ளல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. பழைய திரவத்தைச் சட்டியிலே திறந்து வைத்தால் நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் வாய்வைக்கக்கூடும். அதை முற்றத்திலோ கானிலோ ஊற்றினால், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே அது நிலத்தடி நீரைச் சென்றடையக்கூடும். எஞ்சினைக் காக்கப் போய்க் கிணற்றைக் கெடுக்கலாகாது. மூடிய கலத்திலே சேர்த்து, கழிவை முறைப்படி ஏற்கும் இடத்திலே ஒப்படைப்பதே தகும்.

அடுத்த முறை திரவத்தை மாற்றும்போது, மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் திரவத்தின் வகையையும் ஒரு துண்டிலே எழுதி மூடியின் அருகே ஒட்டிவையுங்கள். காவல் போனதைக் கண் காட்டாது. அந்தத் துண்டு காட்டும்.