இலக்குகாண் தொலைநோக்கி

இலக்குகாண் தொலைநோக்கி என்பது தொலைவில் உள்ள பொருளைத் தலைகீழாக அன்றி நேராகவும் பெரிதாகவும் காட்டும், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறிய தொலைநோக்கி ஆகும். இது ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற பெயரில் விற்கப்படுகின்றது. குறிபார்த்துச் சுடுதலில், தாள் இலக்கில் குண்டு பட்ட இடத்தைச் சுடுபவர் தம் இடத்தை விட்டு எழாமலே அறிய இது உதவுகின்றது. துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் குறிநோக்கியிலிருந்து இது வேறுபட்டது. தனியாக ஒரு தாங்கியில் நிறுத்தப்படும்.

தேவை

50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. ஆகும். அதில் பயன்படும் .22 குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மி.மீ. இத்துளை 50 மீட்டர் தொலைவில் சுமார் 23 விகலைக் கோணத்தையே அமைக்கும் (1 விகலை = 1 பாகையின் 3600இல் ஒரு பங்கு). நல்ல கண்ணின் பிரிதிறன் ஏறத்தாழ 60 விகலை. மேலும் துளை இலக்கின் கரும்பகுதியில் விழுவதால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது.

ஒலிம்பிக்கில் மின்னணு இலக்குகள் பயன்படுவதால், வீரர் அருகிலுள்ள திரையிலேயே புள்ளியைக் காண்கிறார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி இத்தகையது. தாள் இலக்கில் பயிலுவோருக்கே இக்கருவி முக்கியத் தேவை.

விவரக்குறிப்புகள்

20–60×80 என்ற குறியீட்டில் 20–60 என்பது உருப்பெருக்கம், 80 என்பது பொருளருகு வில்லையின் விட்டம் (மி.மீ.).

- ஒளிக்கற்றை விட்டம்: வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுக்கக் கிடைப்பது. மேற்கண்ட கருவியில் 20 மடங்கில் 4 மி.மீ.; 60 மடங்கில் 1.3 மி.மீ. மட்டுமே. இது குறையும்போது காட்சி மங்கும்.
- பார்வைப் புலம்: ஒரே நேரத்தில் தெரியும் பரப்பின் அகலம். உருப்பெருக்கம் கூடினால் இது குறையும்.
- கண் இடைவெளி: முழுக் காட்சியும் தெரியக் கண்ணருகு வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம். மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு 15 மி.மீ.க்குக் குறையாதிருத்தல் நன்று.
- வடிவம்: நேரானது, 45 பாகை சாய்ந்தது என இருவகை. படுத்துச் சுடுவோர் தலையை அதிகம் அசைக்காமல் பார்க்கச் சாய்ந்த வகை ஏற்றது.

கானலின் விளைவு

உருப்பெருக்கம் கூடினால் தெளிவும் கூடும் என்பது தவறான கருத்தாகும். மதுரையை அடுத்த பரவை போன்ற சமவெளிப் பகுதிகளில், கோடை நண்பகலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை ஒழுங்கின்றி வளைக்கின்றது. கருவி இந்த அலைவையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும். 300 மீட்டரில் 7.62 மி.மீ. துளையின் கோணம் சுமார் 5 விகலையே என்பதால், கடும் கானலில் அது மறைந்துவிடக்கூடும். அப்போது உருப்பெருக்கத்தைக் குறைப்பதோ காலையில் சுடுவதோ பயன் தரும். எனினும் கானல் நகரும் திசையைக் கொண்டு காற்றின் போக்கைக் கணிக்கலாம். இதற்குக் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னே அமைப்பர்.

தேர்வு

50 மீட்டர் பயிற்சிக்கு 60 மி.மீ. வில்லையும் 20 முதல் 30 வரை உருப்பெருக்கமும் போதுமானவை. 300 மீட்டருக்கு 80 மி.மீ. வில்லை ஏற்றது. 60 மடங்கு என்ற எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, தரமான வில்லைக்கும் அசையாத தாங்கிக்கும் செலவிடுவது சிறந்தது. வாங்குமுன் கடைக்கு வெளியே, வெயிலில், தொலைவிலுள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பார்ப்பது எளிய சோதனையாகும்.