காலம் யார் பக்கம்?

“காலம் மாறும், சீர்திருத்தம் தானே வரும்” என்பர் ஒரு சாரார். “சீர்திருத்தம் சில நாட் கூத்து, ஆசாரமே நிலைக்கும்” என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுள் எது மெய் என்பதை, இந்தியாவிற் பெண்களின் மணவயது பற்றிய சரித்திரத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டம், 10 வயது நிரம்பாத மனைவியைக் கணவன் கூடுதல் குற்றம் என்றது. 1884-ல் பம்பாய்ப் பார்ஸியரான பெஹ்ராம்ஜி மலபாரி பால்ய விவாகத்தைக் கண்டித்து எழுதிக் கிளர்ச்சியை எழுப்பினார். எனினும், கல்கத்தாவில் புல்மோனி என்னும் சிறுமி கணவன் செயலால் மாண்ட பின்னரே, 1891-ல் அவ்வயது 12 ஆயிற்று. அதனையும் திலகர் எதிர்த்தார். நம் சமூக வழக்கத்தில் அந்நிய அரசாங்கம் தலையிடலாகாது என்பது அவர் வாதம். 1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கிற்று. அது 1949-ல் 15 ஆகவும், 1978-ல் 18 ஆகவும் உயர்ந்தது.

ஒவ்வொரு படியிலும் “மதம் போயிற்று” என்ற கூக்குரல் எழுந்தது. மதமோ போகவில்லை. அன்று 12 வயதை எதிர்த்தோரின் சந்ததியார் இன்று 18 வயதையே முறையென்று கொள்கின்றனர். நேற்றைய சீர்திருத்தக்காரன் போராடிப் பெற்ற நிலத்தையே இன்றைய ஆசாரக்காரன் பிதிரார்ஜிதம் எனக் காவல் செய்கிறான்! ஆகவே, நெடுங்காலத்தில் வெல்வது சீர்திருத்தமே எனலாம்.

ஆயினும், 10 என்பது 18 ஆவதற்கு 118 வருஷம் சென்றது. அதற்குள் பலியான சிறுமியர் எத்துணையரோ! காலம் தானாக எதுவும் செய்திலது, செய்தோர் மனிதரே.

மனம் மாறாமற் சட்டம் மட்டும் மாறினாற் போதாது என்னும் ஆசாரக்காரர் சொல்லிலும் உண்மையுண்டு. சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1-ல் அமுலுக்கு வருமென்று அறிந்து, அதற்குமுன் அவசர முகூர்த்தம் வைத்துத் தம் குழந்தைகளுக்குத் தாலி கட்டுவித்தோர் பலர். பால்ய விவாகம் இந்தியாவில் இன்றும் முற்றும் ஒழிந்திலது.

நம் மலேசியாவில், முஸ்லிமல்லாதாருக்கு 1976-ல் இயற்றப்பெற்ற விவாகச் சட்டம் 18 வயதை விதித்தது. எனினும் 16 நிரம்பிய பெண்ணை அனுமதி பெற்று மணமுடிக்க ஒரு வாயிலையும் வைத்தது. அவ்வாயிலிற் புகாதிருக்கக் காலத்தை எதிர்பார்த்திருத்தல் வேண்டா. தோட்டத்திலும் பட்டணத்திலும், கல்யாணப் பேச்சு வரும்போது, “மகள் படித்து முடிக்கட்டும்” என்று சொல்லும் பெற்றோர் இருப்பின் அதுவே போதும்.