ஜாதிக்காயும் பங்குப் பணமும்

சாரல் காலத்தில் குற்றாலத்துக் கடைகளில் குவிந்திருக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் இந்த மண்ணிலேயே பிறந்தவை என்று குளிக்க வருகிறவர்களில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தவை. அவற்றைப் போலவே கடல் கடந்து வந்து இந்த மலைச்சரிவில் வேர்பிடித்த கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் ஒரு வணிகக் கதை உண்டு. இந்த இரண்டு சரக்கும் மலுக்குத் தீவுகளிலிருந்து மட்டுமே வரவேண்டும் என்று டச்சுக்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கட்டிக்காத்து வந்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைக் கைப்பற்றியதும் கன்றுகள் அங்கிருந்து பெருவாரியாக வெளியேறின. 1800ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. இந்தியாவில் கிராம்புச் சாகுபடியின் தொடக்கம் என்று வேளாண் நூல்கள் குறிப்பிடுவது இந்தத் தோட்டத்தைத்தான். இடத்தேர்வில் தவறில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இவ்வளவு ஈரத்தோடு வந்து விழும் ஊர்கள் குறைவு; செங்கோட்டைக் கணவாய் அதற்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் கன்று நட்டவருக்கு மரம் உடனே கணக்குக் காட்டாது. விதையிலிருந்து வளரும் கிராம்பு மொட்டுவிட ஏழெட்டு ஆண்டு ஆகும். நிறைந்த விளைச்சலுக்குப் பதினைந்து ஆண்டாவது வேண்டும். ஜாதிக்காய் வைக்கும் சோதனை இன்னும் கடுமையானது. அதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதையில் முளைத்தவற்றில் ஏறத்தாழப் பாதி ஆணாகிவிடும். எது எதுவென்று முதல் பூ பூக்கும்போதுதான் தெரியும். அதுவரை எல்லா மரத்துக்கும் ஒரே உரம், ஒரே காவல், ஒரே கூலி. தெரிந்த பிறகு, பத்துப் பெண்மரத்துக்கு ஓர் ஆண்மரத்தை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டவேண்டும். தொழில் தொடங்குகிறவரைப் பற்றிய இன்றைய பேச்சில் துணிச்சலுக்கும் புது யோசனைக்கும் கிடைக்கும் இடம், காய்க்காத மரத்துக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கும் இந்த ஆண்டுகளுக்குக் கிடைப்பதில்லை. குற்றாலத்தை அடுத்த தென்காசியிலிருந்து தூத்துக்குடி வரையான வட்டாரத்தின் இரு நூற்றாண்டைப் பார்த்தால், போட்ட பணம் யாருடையது, அது எத்தனை ஆண்டு திரும்பாமல் இருக்கலாம் என்ற இரண்டு கேள்விகள்தான் பெரும்பாலான முயற்சிகளின் தலையெழுத்தை எழுதியிருக்கின்றன என்று எனக்குப் படுகிறது.

கம்பெனிக்குக் காத்திருக்கும் வசதி இருந்தது. வரி வசூலும் படையும் கையில் வைத்திருந்த நிறுவனத்துக்கு ஒரு தோட்டத்தின் பத்தாண்டுச் செலவு பொருட்டாக இருந்திருக்காது. அந்த வசதி இருந்தும் குற்றாலக் கிராம்பு உலகச் சந்தையை அசைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சான்சிபார் தீவில் அடிமைகளின் உழைப்பில் எழுந்த கிராம்புத் தோட்டங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. காத்திருப்பு அவசியம், அது மட்டும் போதாது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஆனாலும் தோட்டம் வீணாகிவிடவில்லை. குற்றாலத்தில் பிழைத்ததைப் பார்த்து 1850க்குப் பிறகு நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூர் மலைகளுக்கும் கிராம்பு பரவியது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. முதலில் நட்டவருக்குக் கிடைக்காதது, பின்னால் வந்தவருக்குக் கிடைத்தது.

இதற்கு அடுத்த பெரிய முயற்சி தண்ணீரை நம்பி வந்தது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூற்பாலை எழுப்பினார்கள். மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியே எந்திரத்தைச் சுழற்றியது. நிலக்கரிச் செலவு மிச்சம், பருத்தி பக்கத்துக் கரிசலில். பின்னால் தூத்துக்குடியில் கோரல் மில்லும் அவர்களுடையதாயிற்று. பிரிட்டிஷ் வணிகத்தின் பணமும் தொடர்பும் பின்னால் நின்றதால் கெட்ட ஆண்டுகளைத் தாண்டிச் செல்ல அவர்களால் முடிந்தது. இதே வட்டாரத்தில், அதே தலைமுறையில், அப்படி யாரும் பின்னால் நிற்காத ஒருவர் தொழில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வ.உ.சிதம்பரம் பிள்ளையைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அவரை விடுதலைப் போராட்டத் தியாகியாக மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம்; நிறுவனராகப் பார்ப்பது குறைவு. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்குக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். பங்கு விற்க ஊர் ஊராகப் போனது, வாடகைக்கு எடுத்த கப்பல் எதிராளியின் நெருக்கடியால் கைநழுவியது, கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்று பம்பாய் போனது என்று நிறுவனர் படும் பாடு எல்லாம் அந்தக் கதையில் உண்டு. கடைசியில் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி–கொழும்பு வழியைத் தன் சொந்தமாக நினைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. பிறகு இலவசமாகவே ஏற்றி, கையில் குடையும் கொடுத்தது. இதை எதிராளியின் அற்பத்தனமாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். வணிகக் கணக்கில் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எத்தனையோ துறைமுகங்களில் லாபம் பார்த்த கம்பெனி ஒரு வழியில் நஷ்டத்தைத் தாங்கும். ஒரே வழியை நம்பிய கம்பெனிக்கு ஒவ்வொரு காலி இருக்கையும் பங்குதாரரின் 25 ரூபாயிலிருந்துதான் போகும்.

சுதேசிக் கப்பலை மூழ்கடித்தது பணமல்ல, அரசாங்கம் என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மை. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணைநின்றார், மார்ச் 12இல் கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. ஆனால் தலைவர் சிறை சென்றதும் ஒரு நிறுவனம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது அதன் கையிருப்பைப் பொறுத்தது. வ.உ.சி.யின் அரசியல் நிர்வாகத்தில் இருந்த எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. பங்கு வாங்கியவர்களில் தேசத்துக்காகக் கொடுத்தவரும் உண்டு, லாபத்துக்காகக் கொடுத்தவரும் உண்டு. இந்த இரு வகைப் பணத்துக்கும் பொறுமையின் அளவு வேறு. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17இல் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷ் என்ற பிரிட்டிஷ் அதிகாரியைச் சுட்டுக்கொன்றார். அந்த ஆஷ்தான் 1908இல் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து சுதேசிகளை ஒடுக்கியவர். தண்டனை குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்த வ.உ.சி.க்கு வக்கீல் சன்னது இல்லை, வருமானமும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். கடனும் வறுமையும் விடவில்லை. நிறுவனம் மூடப்பட்டாலும் நிறுவனரின் வாழ்க்கை அதற்குப் பிறகும் இருபத்தைந்து ஆண்டு ஓடவேண்டியிருக்கிறது. வெற்றிக் கதைகளைத் தொகுப்பவர்கள் இந்த ஆண்டுகளை எழுதுவதில்லை.

நூறாண்டு கழித்து, 2011இல், தென்காசிப் பக்கம் ஒரு மென்பொருள் அலுவலகம் திறந்தது. ஸ்ரீதர் வேம்பும் கூட்டாளிகளும் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிய நிறுவனம் அது. முதலில் தொலைத்தொடர்புச் சாதன நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து விற்றது. 2001இல் அந்தத் துறை சரிந்தபோது வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் காணாமல் போனார்கள். அப்போது நிறுவனம் வேறு சரக்குக்கு மாறிப் பிழைத்ததற்கு ஒரு காரணம், கதவைத் தட்டி ‘எப்போது விற்கப்போகிறாய்’ என்று கேட்கும் துணிகர முதலீட்டாளர் இல்லாதது. அத்தகைய நிதிகளின் ஆயுள் வழக்கமாகப் பத்தாண்டு. அதற்குள் பங்கை விற்றுக் காசாக்கியே ஆகவேண்டும். பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து ஈராண்டு பயிற்றுவிக்கும் பள்ளியும், மத்தளம்பாறையில் அலுவலகமும், அங்கேயே உருவான ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருளும் அந்தக் கெடுவுக்குள் நியாயப்படுத்தக்கூடிய செலவுகளாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஜோஹோ தென்காசியில் பிறந்ததல்ல. அமெரிக்கச் சந்தையில் டாலர் சம்பாதித்து, சென்னையில் வளர்ந்த பிறகு இங்கே பதியம் போடப்பட்டது. பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்ற வேம்புவின் பொறுமையை ஆலங்குளத்துப் பட்டதாரிக்குப் பாடமாகச் சொல்வது நேர்மையாகாது. சரிதான். அந்த மறுப்பு என் வாதத்தையே வலுப்படுத்துகிறது: பொறுமை குணமாகத் தோன்றினாலும் அதற்கு வெளியே ஒரு வருமானம் வேண்டும். இன்னொரு மறுப்பு, காத்திருப்பு பிடிவாதமாகிவிடும் என்பது. அதுவும் சரி. ஆண்மரம் எத்தனை ஆண்டு காத்தாலும் காய்க்காது. ஜோஹோவே சில்லு தயாரிப்புத் திட்டத்தை 2025இல் நிறுத்திவைத்தது. சொந்தப் பணத்தில் நடப்பவருக்கு அப்படி நிறுத்துவதும் எளிது. யாரிடமும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

தென்காசி மாவட்டத்தில் பணமே இல்லை என்பதில்லை. கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பும் காசு உண்டு. வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிப் பெண்கள் சேர்த்த நகை உண்டு. சீட்டுப் பணம் உண்டு. அது வீடாகவும் தங்கமாகவும் கல்யாணமாகவும் நிற்கிறது. தொழிலுக்கு வரும்போது நகைக்கடனாக வருகிறது, அல்லது முத்ரா கடனாக. முந்தையதற்கு வட்டி முதல் நாளே ஏறத் தொடங்கும், பிந்தையதற்கு மாதத் தவணை சில மாதத்திலேயே வந்துவிடும். அந்தக் கெடுவுக்கு ஏற்ற தொழில் எது என்பதை இங்குள்ளவர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் எல்லையாகக் கிடந்த பிரானூரில் இன்று புரோட்டாக் கடைகளும் மரக்கடைகளும் வரிசையாக நிற்கின்றன. காலையில் போட்ட காசு அன்று இரவே கல்லாவில் விழும் புரோட்டாக் கடையைத் தேர்ந்தவருக்குத் துணிச்சல் குறைவு என்று சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்த பணத்தில் ஏழு ஆண்டு இல்லை.